சோம்பேறி என்று சொல்லாதீர்கள்!

களைப்பு யாருக்குத்தான் இல்லை?

வயலில் வேலை செய்தவருக்குக் களைப்பு. அடுப்படியில் நின்றவளுக்குக் களைப்பு. பரீட்சைக்குப் படித்த பையனுக்கும் களைப்பு. வயிறாரச் சாப்பிட்டு, இரவு நன்றாகத் தூங்கி எழுந்தால் அது போய்விடும்.

ஆனால், தூங்கினாலும் போகாத களைப்பு ஒன்று உண்டு. மாதக் கணக்கில் போகாது. சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் போகாது.

அது சோம்பல் அல்ல, நோய். "நாள்பட்ட களைப்பு நோய்" என்று அதற்குப் பெயர்.

இதைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா? இந்த நோயாளியை நோய் பாதி வாட்டுகிறது. வீட்டில் உள்ளவர்களின் பேச்சு மீதிப் பாதி வாட்டுகிறது!

மூடப்பட்ட ஆஸ்பத்திரி

லண்டன் நகரில் "ராயல் பிரீ" என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1955–ம் ஆண்டு ஜூலை 13–ந் தேதி, அங்கு வேலை பார்த்த ஒரு டாக்டரும் ஒரு நர்சும் நோயாகப் படுத்தார்கள்.

தலைவலி, தொண்டை வலி, தலைசுற்றல், கை கால் வலி. "சாதாரணக் காய்ச்சல்" என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால், இரண்டு வாரத்துக்குள் 70–க்கும் மேற்பட்ட ஊழியர்கள் படுத்துவிட்டார்கள். ஜூலை 25–ந் தேதி ஆஸ்பத்திரியையே மூடினார்கள். அக்டோபர் 5–ந் தேதிதான் மறுபடியும் திறந்தார்கள்.

ஊழியர்கள் மொத்தம் 292 பேருக்கு நோய் வந்தது. ஏற்கனவே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளில் 12 பேருக்குத்தான் வந்தது. வைத்தியம் செய்கிறவர்களே வரிசையாகப் படுத்ததுதான் விசித்திரம்!

யாரும் சாகவில்லை. ஆனால், சிலர் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. எந்தக் கிருமியால் வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு, "லான்செட்" என்ற மருத்துவப் பத்திரிகையில் இந்த நோய்க்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. "மயால்ஜிக் என்செபலோமயலைடிஸ்" என்ற, வாயில் நுழையாத பெயர். சுருக்கமாக "எம்.ஈ." என்பார்கள்.

பார்க்காமலே தீர்ப்பு

15 ஆண்டுகள் கழிந்தன. 1970–ம் ஆண்டு, மனநோய் டாக்டர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். "ராயல் பிரீ ஆஸ்பத்திரியில் வந்தது உடல் நோய் அல்ல. கூட்டமாக வந்த மனக்கோளாறு" என்று அதில் சொன்னார்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று.

அவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்களா? இல்லை. பழைய குறிப்புகளைப் படித்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்!

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கண்ணால் பார்த்தவர், டாக்டர் மெல்வின் ராம்சே. "இது உடல் நோய்தான்" என்று அவர் வாதாடினார். உலக சுகாதார ஸ்தாபனமும் 1969–ம் ஆண்டிலேயே இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால், நல்ல சேதி நடந்து வரும். கெட்ட சேதி பறந்து வரும். "எல்லாம் மனப்பிராந்தி" என்ற பேச்சுதான் ஊரெல்லாம் பரவியது.

பின்னர், அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இதேபோன்ற நோய் கண்டது. அதை ஆராய்ந்த பிறகு, 1988–ல் "நாள்பட்ட களைப்பு நோய்" என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெயரே நோயாளிக்குத் தீங்கு செய்துவிட்டது என்பேன். "களைப்பா? எனக்கும்தான் களைப்பு" என்று கேட்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். புயலைப் போய் "கொஞ்சம் காற்று" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

2015–ம் ஆண்டு, அமெரிக்காவின் மருத்துவ அறிஞர் குழு ஒன்று 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பரிசீலித்தது. "இது மனப்பிராந்தி அல்ல. உடம்பின் பல பகுதிகளையும் பாதிக்கும் கடுமையான நோய்" என்று அந்தக் குழு கூறியது. அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்து 36 ஆயிரம் பேர் முதல் 25 லட்சம் பேர் வரை இந்த நோயால் துன்பப்படலாம் என்றும் தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நோயின் பெயர்கூடத் தெரியாது.

அடையாளங்கள்

நோயை அறிய அந்தக் குழு சொன்ன அடையாளங்கள் இவை:

முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத களைப்பு, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கும். ஓய்வு எடுத்தாலும் தீராது.

இரவு முழுவதும் தூங்கினாலும், காலையில் தூங்காதவர்போல எழுந்திருப்பார்கள்.

உடம்பையோ, மூளையையோ சற்று அதிகமாக வேலை வாங்கிவிட்டால், நோய் முற்றும். இதுதான் முக்கியமான அடையாளம்.

இவற்றோடு, மூளை மந்தமாகும் அல்லது நிற்க முடியாமல் போகும். சிலருக்கு இரண்டுமே இருக்கும். பேசும்போது சொல் வராது. படித்த வரியையே திரும்பப் படிப்பார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும்.

பலருக்கு இது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குகிறது. காய்ச்சல் விட்டுவிடும், நோய் விடாது. 2020–ம் ஆண்டு முதல் உலகை வாட்டிய கொரோனாவுக்குப் பிறகும், பலருக்கு இந்த அடையாளங்கள் வந்திருக்கின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. குழந்தைகளையும் விடுவதில்லை.

காதுகுத்துக்குப் போன மருமகள்

இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டில் காதுகுத்து. மருமகள் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு போகிறாள். நாலு பேரிடம் சிரித்துப் பேசுகிறாள். பந்தியில் பரிமாறவும் செய்கிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள்.

திங்கட்கிழமை உடம்பெல்லாம் வலி. செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை.

"காதுகுத்துக்குப் போகத் தெம்பு இருந்தது. கஞ்சி வைக்க மட்டும் தெம்பு இல்லையா?" என்று மாமியார் கேட்கிறாள்.

மாமியார் பொல்லாதவள் அல்ல. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறாள். ஆனால், அவள் பார்த்தது செலவை மட்டும்தான். கடனைப் பார்க்கவில்லை! இந்த நோயாளிக்கு உடம்பு கந்துவட்டிக்காரனைப் போன்றது. இன்று செலவு செய்த தெம்புக்கு, நாளையும் மறுநாளும் வட்டி போட்டு வாங்கிவிடும். காதுகுத்துக்குப் போனதால்தான் கஞ்சி வைக்க முடியவில்லை.

டாக்டர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்கச் சொல்லி, மூச்சுக்காற்றை அளந்தார்கள். மறுநாளும் மிதிக்கச் சொன்னார்கள். நல்ல உடம்புக்காரர் முதல் நாள்போலவே மிதித்தார். இந்த நோயாளிகளில் பலருக்கோ, மறுநாள் அளவு குறைந்துவிட்டது.

உழைத்தால் சரியாகுமா?

"எழுந்து நாலு வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மற்றப் பல நோய்களுக்கு இது நல்ல யோசனைதான். இந்த நோய்க்கு அல்ல.

டாக்டர்களே இதில் தவறினார்கள். தேகப்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குணம் தெரியும் என்று, 2011–ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி கூறியது. "பயிற்சி செய்து மோசமாகிவிட்டோம்" என்று நோயாளிகள் அலறினார்கள். ஆராய்ச்சிக் கணக்குகளை வெளியிடும்படி போராடினார்கள். 2016–ல் கணக்கு வெளிவந்தது. அதை வேறு நிபுணர்கள் சரிபார்த்தபோது, "குணமானார்கள்" என்று சொன்னதற்கு ஆதாரம் போதவில்லை என்று தெரிந்தது.

2021–ம் ஆண்டு அக்டோபர் மாதம், இங்கிலாந்தில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் அரசாங்க நிறுவனம் புதிய விதிகளை வெளியிட்டது. படிப்படியாகக் கூட்டும் தேகப்பயிற்சியை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் கூறப்பட்டது.

நோயாளி சொன்னதை முதலிலேயே நம்பியிருந்தால், எத்தனை பேருடைய துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம்!

என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் போகவேண்டும். களைப்பு எல்லாமே இந்த நோய் அல்ல. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை வியாதி, காசநோய், மனச்சோர்வு ஆகியவற்றாலும் களைப்பு வரும். 2019–21–ல் எடுத்த அரசாங்கக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100–க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. ஆகவே, பரிசோதனை செய்யாமல் நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

இந்த நோயை மட்டும் தனியே காட்டும் ரத்தப் பரிசோதனை நடைமுறைக்கு வரவில்லை. அடியோடு குணமாக்கும் மருந்தும் இல்லை. "நான் குணமாக்குகிறேன்" என்று ஆயிரக் கணக்கில் பணம் கேட்பவர்களை நம்பி ஏமாறாதீர்கள். தூக்கம், வலி, தலைசுற்றல் ஆகியவற்றைக் குறைக்க டாக்டர் மருந்து கொடுக்கலாம்.

மற்றது, குடும்பக் கணக்குத்தான். வரவுக்குத் தக்கபடி செலவு செய்யவேண்டும்!

காய்கறியை உட்கார்ந்து நறுக்கலாம். குளிக்கும்போது முக்காலி போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் துணி துவைப்பதும், கடைக்குப் போவதும் வேண்டாம். களைத்த பிறகு படுப்பதைவிட, களைப்பதற்கு முன்பே படுப்பது நல்லது.

உடம்பு கொஞ்சம் தேறிய நாளில்தான் அதிக எச்சரிக்கை தேவை. "இன்று நன்றாக இருக்கிறதே" என்று பாக்கி வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டால், மூன்று நாள் படுக்கைதான். எதைச் செய்தால் மறுநாள் படுக்க நேர்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், தன் அளவு தெரிந்துவிடும்.

நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு வெளிச்சமும் சத்தமுமே வேதனை தரும். அவர்கள் அறையில் ரேடியோவும் வேண்டாம். உரத்த பேச்சும் வேண்டாம்.

இப்படி நடந்தால் குணமாகிவிடுமா? பெரியவர்களில் முழுக் குணம் அடைபவர்கள் குறைவு. குழந்தைகளுக்கு அதைவிட நம்பிக்கை உண்டு. ஆனால், அளவோடு நடப்பவர்கள் மேலும் மோசமாகாமல் இருக்க வழி உண்டு. அது சிறிய லாபம் அல்ல.

சோம்பேறிக்கும் நோயாளிக்கும் வேற்றுமை

"இப்படி எழுதினால், சோம்பேறிகள் எல்லாம் இதையே சாக்காகச் சொல்ல மாட்டார்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சோம்பேறி வேலைக்குப் போகமாட்டான், சினிமாவுக்குப் போவான். இந்த நோயாளியால் சினிமாவுக்கும் போக முடியாது. சோம்பேறி, "எனக்கு வேண்டாம்" என்பான். நோயாளி, "எனக்கு வேண்டும், முடியவில்லையே" என்று அழுவாள்.

ஒரு சோம்பேறியை நம்பி நாம் ஏமாந்தால், ஒரு நாள் வேலை கெடும். ஒரு நோயாளியை நம்பாமல் விரட்டினால், அவள் வாழ்வே கெடும். எது பெரிய நஷ்டம்?

உங்கள் வீட்டில் மகளோ, மருமகளோ, தம்பியோ மாதக் கணக்கில் "முடியவில்லை" என்று சொல்கிறார்களா? "நடிக்காதே" என்று சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அவர்கள் பேச முடியாமல் திணறினால், நடந்ததை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

நாளைக் காலையில், "இன்னும் எழுந்திருக்கவில்லையா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கேள்விக்குக் காசு செலவு இல்லை. இந்த நோய்க்கு, வீட்டிலேயே கொடுக்கக்கூடிய முதல் வைத்தியம் அதுதான்.