துணைநின்றோர்க்கும் ஓர் ஆவணம்

திரைக்கலையின் வரலாறு பெரும்பாலும் தலைமைப் பாத்திரம் ஏற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சுவரொட்டியில் பெரிதாகப் பெயர் பொறிக்கப்பட்டவரைப் பற்றி நூல்கள் வெளிவருகின்றன, விழாக்கள் எடுக்கப்படுகின்றன. அவருக்கு எதிரே நின்று, அவர் பேச்சைச் செவிமடுத்து, காட்சிக்கு உயிரூட்டிய குணச்சித்திர நடிகரையோ நாம் முகத்தால் அறிவோமேயன்றிப் பெயரால் அறிவதில்லை. இக்குறையை நீக்கவல்ல கருவி ஆவணப்படமே என்பது நம் கருத்து. அமெரிக்க நடிகர் இருவரைப் பற்றிய படங்கள் இதற்குச் சான்றாகும்.

முதலாமவர் ஜான் கசால். 1935இல் பிறந்து 1978இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த இவர் நடித்த முழுநீளத் திரைப்படங்கள் ஐந்தே. ‘தி காட்ஃபாதர்’, அதன் இரண்டாம் பாகம், ‘தி கான்வர்சேஷன்’, ‘டாக் டே ஆஃப்டர்நூன்’, ‘தி டீர் ஹண்டர்’ ஆகிய அவ்வைந்தும் சிறந்த படத்திற்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. மூன்று அவ்விருதை வென்றன. ஆயினும் கசாலின் பெயர் நடிப்புக்காக ஒருமுறையேனும் பரிந்துரைக்கப்படவில்லை. ரிச்சர்டு ஷெப்பர்டு இயக்கி 2009இல் வெளிவந்த ‘ஐ நியூ இட் வாஸ் யூ’ என்னும் நாற்பது நிமிட ஆவணப்படம் அவரை மீண்டும் உலகின்முன் நிறுத்தியது. அல் பசினோ, மெரில் ஸ்டிரீப், ராபர்ட் டி நீரோ, ஜீன் ஹேக்மன் போன்ற பெரும் நடிகர்கள் அதில் அவரை நினைவுகூர்கின்றனர்.

‘நடித்த படங்களே சான்றாக இருக்க, தனியே ஓர் ஆவணப்படம் எதற்கு?’ எனச் சிலர் வினவலாம். படம் நமக்குக் காட்டுவது விளைச்சலை மட்டுமே, உழவைக் காட்டுவதில்லை. ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ படத்தில் வங்கிக் கொள்ளையன் ஒருவனிடம், எந்த நாட்டிற்குத் தப்பிச் செல்ல விரும்புகிறாய் என்று கூட்டாளி கேட்கிறான். அவன் ‘வயோமிங்’ என்கிறான். வயோமிங் ஒரு நாடன்று. அமெரிக்காவிலேயே உள்ள ஒரு மாநிலம். அம்மனிதனின் அறியாமையும் பரிதாபமும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. அச்சொல் திரைக்கதையில் இல்லாதது என்பதும், கசால் தாமே படப்பிடிப்பில் கூறியது என்பதும் உடன் பணியாற்றியோர் சொன்னாலன்றி நமக்கு எவ்வாறு தெரியவரும்?

எனினும் இத்தகைய படங்களில் ஒரு பெருங்குறை உண்டு. கசால் மறைந்து முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட படத்தில் அவரைப் பற்றிப் பிறர் பேசுகின்றனர். அவரிடம் எதையும் கேட்க வழியில்லை. பிரிந்தவரைப் பற்றிப் பேசும்போது புகழுரை மிகுவதும் இயல்பே. எனவே, கலைஞர் வாழும் காலத்திலேயே ஆவணப்படம் எடுக்கப்பட வேண்டும் என்போம்.

இதற்கு ஹாரி டீன் ஸ்டாண்டன் நல்ல எடுத்துக்காட்டு. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் சிறு பாத்திரங்களை ஏற்ற இவருக்கு, ‘பாரிஸ், டெக்சாஸ்’ படத்தின் தலைமைப் பாத்திரம் 1984இல் அறுபதை நெருங்கும் அகவையிலேதான் வாய்த்தது. 2012இல் சோபி ஹியூபர் எடுத்த ‘பார்ட்லி ஃபிக்ஷன்’ என்னும் ஆவணப்படத்தில் அவர் குறைவாகவே பேசுகிறார், சில வினாக்களுக்கு மௌனமே விடையாகிறது, இடையிடையே பாடுகிறார். அந்த மௌனத்தை வேறு எவராலும் எடுத்துரைக்க இயலாது. 2017இல் தம் தொண்ணூற்றோராம் அகவையில் அவர் மறைந்தார். அப்படம் ஓர் ஆறாண்டு தாமதித்திருந்தால் அந்த மௌனமும் நமக்குக் கிட்டியிராது.

ஆவணப்படம் வெறும் பாராட்டு விழாவாகிவிடலாகாது. காட்சிகளை நம்முன் வைத்து, அவை உருவான விதத்தை விளக்கி, மதிப்பிடும் பொறுப்பைக் காண்போரிடமே விட்டுவிட வேண்டும். அப்போதே அது வரலாறாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். எத்துறையிலும் முன்வரிசையில் நிற்போரைப் போற்றுதற்குப் பலர் உளர். பின்வரிசையில் நின்று பணியைத் தாங்கியோரைத் தேடிச் செல்லுங்கள்; அவர்தம் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.