மார்பகச் சீழ்க்கட்டி: கத்தியா, ஊசியா?

பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் சீழ் கட்டினால், 'கிழிச்சுத்தான் ஆகணும்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எல்லோருக்கும் அது தேவையில்லை. மேல்தோல் நன்றாக இருந்து, கட்டி சுமார் 5 செ.மீ.க்குள் இருந்தால், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வழி. பெரிய தழும்பு விழாது. மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை, மரத்துப்போக ஊசி போதும். தொல்லை என்னவென்றால், ஒரே தடவையில் பெரும்பாலும் முடியாது. இரண்டு, மூன்று நாளில் மறுபடி ஸ்கேன். சீழ் மிச்சமிருந்தால் மறுபடி ஊசி.

தோல் மெலிந்து பளபளத்தாலோ, கருத்தாலோ கத்திதான், அப்புறம் தினசரி டிரெஸ்ஸிங். ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். அதை மட்டும் நம்பினால் திரண்ட சீழ் போகாது. பால் கொடுப்பதைச் சட்டென நிறுத்துவதும் தப்பு, தேங்கினால் வீக்கம் கூடும். வெட்டச் சொன்னால், 'ஸ்கேன் பார்த்துட்டு ஊசியில எடுக்க முடியுமா டாக்டர்?' என்று தாராளமாகக் கேட்கலாம்.