கண்ணீர் உண்மை, கணக்குத்தான் தவறு

2016-ல் அமெரிக்காவில் 'ஹில்பில்லி எலெஜி' என்றொரு சுயசரிதை வெளிவந்தது. 'மலைக்காட்டான்' என்று நகரத்துச் சீமான்கள் ஏளனம் பேசும் கென்டக்கி மலை ஜனங்களுக்கு ஓர் இரங்கற்பா என்று பொருள். எழுதியவர் ஜே. டி. வான்ஸ். பெரிய பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. 2020-ல் சினிமாவும் வந்தது. 2025 ஜனவரியில் ஆசிரியர் துணை ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கதை என்றார்களே என்று ஆவலோடுதான் புரட்டினோம்.

அவர் பட்ட துன்பம் பொய்யல்ல. ஓஹியோ மாநிலத்தில் மிடில்டவுன் என்ற எஃகு ஆலை ஊர். தாய் நர்ஸ், வலி மாத்திரையில் பிடித்த பழக்கம் ஹெராயினில் கொண்டுபோய் விட்டது. தகப்பன் ஸ்தானத்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. காரை மோதி இருவரும் சாவோம் என்று தாய் மிரட்ட, சிறுவன் தப்பி யாரோ ஒருவர் வீட்டுக்குள் ஓடுகிறான். பாட்டிதான் கடைசியில் கரை சேர்க்கிறாள். வாயைத் திறந்தால் வசைமாரி பொழியும் அந்தக் கிழவியை நமக்கும் பிடித்துப்போயிற்று.

ஏமாற்றம் எங்கே என்றால், ஓடு விற்கும் கிடங்கில் இவர் வேலை பார்த்த கதையில். மணிக்கு 13 டாலர் கூலி. கூட வேலை செய்த ஓர் இளைஞன், கர்ப்பிணியான காதலியை உடையவன், அடிக்கடி மட்டம் போடுகிறான். கக்கூசுக்குப் போனால் அரைமணி ஆகிறது. இவரும் இன்னொருவருமாகக் கடிகாரம் வைத்து, "முப்பத்தைந்து நிமிஷம்!" என்று கிடங்கு முழுக்கக் கூவி விளையாடுகிறார்கள். அவனுக்கு வேலை போகிறது. உழைக்க மனமில்லாத சமூகத்துக்கு இது அத்தாட்சியாம்! ஒருவன் ஏய்த்தால் அவன் பாரம் அடுத்தவன் முதுகில் ஏறும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கக்கூசு வாசலில் மேஸ்திரி மணி பார்த்து நிற்பதை அனுபவித்த ஆலைத் தோழர்கள் இந்த விளையாட்டைக் கண்டு சிரிக்க மாட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. சம்பள நாள் வரை கொள்ளை வட்டிக்குக் கொடுக்கும் கடைக்காரருக்கும் பரிந்து பேசுகிறார். கம்பெனிகளையும் சர்க்காரையும் குறை கூறாமல் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இவர் போதனை.

இவரைக் காத்தது எது? தாத்தா ஆர்ம்கோ எஃகு ஆலைத் தொழிலாளி. அந்தச் சம்பளமும் பென்ஷனும் இருந்ததால்தான் அடைக்கலம் புக ஒரு வீடு இருந்தது. ராணுவத்தில் சேர்ந்தவருக்குச் சர்க்கார் தரும் கல்விப் பணத்தில் காலேஜ் படித்தார். யேல் சர்வகலாசாலை ஏழை மாணவனென்று உதவியது. எல்லாம் அவரே எழுதியிருப்பதுதான். எழுதிவிட்டுக் கூட்டலில் விட்டுவிட்டார்.

மாத்திரைக் கம்பெனிகளின் கதையும் உண்டு. 'ஆக்ஸிகான்டின்' என்ற வலி மாத்திரையை 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி, அது அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதாக 2007-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 60 கோடி டாலருக்கு மேல் கட்டிற்று. இதற்குப் பிறகும் மலை ஜனங்களின் குணக்கேட்டைத்தான் ஆராய வேண்டுமா?

தாத்தா வேலை செய்த அதே மிடில்டவுன் ஆலை, ஏ.கே. ஸ்டீல் என்ற பெயரில் நடந்தபோது, 2006 மார்ச்சில் சுமார் 2,700 தொழிலாளரை வெளியே தள்ளிக் கதவடைப்புச் செய்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்கள் வாசலில் நின்றார்கள். அந்த வீடுகளிலும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் தம் கதையை எழுதினால் நாம் படிக்கக் காத்திருக்கிறோம்.