வள்ளுவரைத் தூக்குமரத்தடியில் நிறுத்துவோர்

மரண தண்டனையைப்பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம்மவருட் சிலர் திருக்குறளைக் கையிலேந்தி முன்வருகின்றனர். கொடியோரை அரசன் ஒறுத்தல் பயிரிடையே களை பிடுங்குவதை ஒக்குமென்று வள்ளுவரே கூறிவிட்டார், இனி வாதமேது என்பது அவர் கட்சி. கோயில் மண்டபத்திலும் சங்க மேடையிலும் இதனைப் பன்முறை கேட்டிருக்கிறோம். கூட்டம் கைதட்டவும் கண்டிருக்கிறோம்.

அது செங்கோன்மை அதிகாரத்தின் பத்தாவது குறள். அதிலுள்ள கொலை என்னுஞ் சொல்லைத் தண்டனையோடு கூட்டி, கொன்று ஒறுத்தல் எனப் பொருள் கண்டார் பரிமேலழகர். அதனைக் குற்றத்தோடு கூட்டி, கொலை புரியுங் கொடியவரை ஒறுத்தல் எனக் கொள்வாரும் உளர். பரிமேலழகர் உரையே நிற்கட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் பத்தாவதை ஓதுகின்ற அன்பர்கள் அதே அதிகாரத்தின் முதற் குறளை ஏன் விழுங்கிவிடுகின்றனர்? குற்றத்தை ஆராய்ந்து, ஒருபாற் சாயாது, தேர்ந்து செய்வதே முறையென்றன்றோ அது தொடங்குகின்றது? களையெடுக்கும் தோட்டத்துப் பெண்ணுங்கூட லாலான் புல் எது, இளங்கன்று எது என்று குனிந்து பார்த்த பின்னரே கையை நீட்டுவாள்.

இந்நாடுகளின் சட்டம் குனிந்து பார்த்ததா? சிங்கப்பூரில் 1973-இல் இயற்றப்பெற்ற போதைப்பொருட் சட்டம், 1975-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினைக் கடத்தியவனுக்குத் தூக்கையே விதித்தது. குறைத்து விதிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. மலேசியாவிலும் 1983 முதல் கடத்தலுக்குத் தூக்கு கட்டாயமாயிற்று. சிங்கப்பூரில் 2 கிராமுக்கு மேல் ஒருவன் கையிலிருந்தால் அது கடத்தலுக்கென்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். அன்றென்று காட்டும் பாரம் அவன் தலைமேலது. அவன் யார், ஏன் சுமந்தான், எவன் ஏவினான் என்னும் கேள்விகளுக்குத் தண்டனையில் இடமேயில்லை. தேரும் வேலையைத் தராசு செய்து முடித்துவிடுகின்றது.

2013 முதல் சிங்கப்பூரில் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது உண்மை. வெறுங் கூலியாய்ச் சுமந்தவன், கடத்தற் கூட்டத்தைக் குலைக்க மெய்யாகவே உதவினான் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞரே சான்றிதழ் தந்தால், நீதிபதி அவனுக்கு ஆயுட்சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இதிலுள்ள விந்தையைப் பாருங்கள்! கூட்டத்தின் உள்ளறிந்தவனுக்குச் சொல்லச் செய்தியுண்டு. ஒன்றுமறியாப் பேதைக்கு விற்கச் சரக்கில்லை. அறியாமையே அவனைக் கொல்கின்றது.

கைப்பொருளைக் கண்டு ஆளைத் தூக்கிலிடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்னும் குற்றத்திற்காக, அவசரகாலச் சட்டத்தின்கீழ், 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பெற்றார். எவரையேனும் சுட்டுக் கொன்றார் என்பதன்று குற்றச்சாட்டு. அன்று லயங்களில் அழுதவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று மேடையின்கீழ்க் கைதட்டுகின்றனர். வெள்ளையன் செய்தபோது அநீதி, நம்மவர் செய்தால் செங்கோன்மையோ?

ஹெராயினால் பிள்ளையை இழந்த தாய் நம்மை நோக்கி, உமக்கென்ன தெரியும் என்று கேட்பாள். கேட்கட்டும், அவள் துயரத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவள் பிள்ளையைக் கெடுத்த முதலாளி பொதியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஜோகூர்ப் பாலத்தைக் கடப்பதில்லை. கடனில் மூழ்கிய வேறொரு தாயின் பிள்ளையை அனுப்புகின்றான் என்பதையே அவளுக்குச் சொல்லுவோம்.

இன்னொரு கூட்டம் தலைவிதி என்று பெருமூச்செறிந்து ஒதுங்கிவிடுகின்றது. இவர்களுக்கு மறுமொழி மலேசியாவிலேயே இருக்கின்றது. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் அங்கே நீங்கிற்று. தூக்கு இன்னும் சட்டத்தில் உண்டு. விதிப்பதா வேண்டாவா என்பது நீதிபதியின் ஆராய்ச்சிக்கு விடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் தண்டனையைத் திரும்பப் பார்க்கக் கூட்டரசு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரப்பெற்றது. மறு ஆய்வுக்கு வந்தவருட் பெரும்பாலோர் தூக்குக்குத் தப்பிச் சிறைத்தண்டனை பெற்றனர். மனிதரும் அவரே, குற்றமும் அதுவே. பிரமன் எழுதிய எழுத்தாயின் நாடாளுமன்றம் அதனை எவ்வாறு அழித்தது?

சிங்கப்பூரில் அச்சட்டம் கட்டாயமாகவே நிற்கின்றது. அங்குள்ள நம் மேடைப் புலவர்கள் அடுத்த முறை செங்கோன்மையை எடுத்தால், முதற் குறளிலிருந்து தொடங்கட்டும்.