பதிவு செய்வது அரசின் கடமை. நிரூபிப்பது மக்களின் சுமையா?

2021 அக்டோபர் இறுதியில், 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்துவதற்கான வரைவொன்றை ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் இணையத்தில் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கொடுத்த அவகாசம் ஏறத்தாழ ஒரு மாதம். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டும் முகாமிலும் பிள்ளை பெறும் பெண்களிடம் இந்த வரைவு எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி ஆட்சியாளர்களுக்கு எழவில்லை. ஆயினும், பொதுமக்களோடு கலந்தாலோசித்தே மசோதா தயாரிக்கப்பட்டது என்று பிற்பாடு உரிமை கொண்டாடினார்கள்.

கலந்தாலோசனையின் இலட்சணத்தை நாடாளுமன்ற நடவடிக்கையே காட்டிவிட்டது. 2023 ஜூலை 26 அன்று மசோதா அறிமுகமானது. ஆகஸ்ட் 1இல் மக்களவையிலும், ஆகஸ்ட் 7இல் மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் பற்றிப் பிரதமர் வாய் திறக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் போராடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாடெங்கும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பாதிக்கும் இந்தச் சட்டம் நிலைக்குழுவுக்கு அனுப்பப்படவில்லை. பதின்மூன்றே நாட்களில் முடிந்தது. அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

பதிவேடா, கண்காணிப்பு வலையா?

பிறப்பு, இறப்புப் பதிவு அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளது. பதிவு செய்யும் ஊழியர்கள் மாநில அரசுகளையும் உள்ளாட்சிகளையும் சார்ந்தவர்கள். திருத்தச் சட்டமோ எல்லாத் தரவுகளையும் டெல்லியிலுள்ள தேசியத் தரவுத்தளத்தில் சேர்க்கச் சொல்கிறது. அதை மக்கள்தொகைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, சொத்துப் பதிவு ஆகியவற்றைக் கையாளும் அமைப்புகளுக்கு வழங்கவும் வழி செய்கிறது. 2003ஆம் ஆண்டின் குடியுரிமை விதிகளின்படி மக்கள்தொகைப் பதிவேடுதான் குடிமக்கள் பதிவேட்டுக்கு முதற்படி. அசாமில் அந்தக் குடிமக்கள் பதிவேடு 2019இல் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியே நிறுத்தியதை நாடு மறக்கவில்லை.

பெற்றோரின் ஆதார் எண்ணையும், "இருந்தால்" என்ற சொல்லோடு, சட்டம் கேட்கிறது. அலுவலக மேசையில் அந்தச் சொல் எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பது ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பிய முதியவர்களுக்குத் தெரியும்.

ஒரே சான்று, மூடும் கதவுகள்

சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்து பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, பாஸ்போர்ட், ஆதார் அனைத்துக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிப்பது பிறப்புச் சான்றிதழே. மக்களின் அலைச்சல் குறையும் என்கிறது அரசு. சான்றிதழ் கையில் இருப்பவருக்குக் குறையலாம். இல்லாதவருக்கு?

2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பிறப்பு பதிவானது சுமார் 41 சதவீதத்தினருக்கே. பீகாரில் அது சுமார் 6 சதவீதம். பதிவாகாத அந்தக் குழந்தைகள் இன்று வாக்காளர்கள். 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது கேட்கப்பட்ட 11 ஆவணங்களில் பிறப்புச் சான்றிதழும் ஒன்று. ஏழைகளிடம் உள்ள ஆதாரை ஏற்க உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அன்று பதிவு செய்யத் தவறியது அரசு. இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் குடிமகன்.

2019-21இல் பதிவு 89 சதவீதமாக உயர்ந்தது உண்மை. எஞ்சிய 11 சதவீதத்தினரில் ஏழைகளின் பிள்ளைகளே அதிகம். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். இரண்டு சட்டங்களும் மோதினால் பள்ளி வாசலில் நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

இறந்தவர்களை எண்ணாத அரசு

உயிரோடிருப்பவரின் ஒவ்வோர் அடியையும் பதிய விரும்பும் இவ்வரசு இறந்தவர்களை எப்படி நடத்தியது? 2021இல் பதிவான மரணங்கள் சுமார் 1 கோடியே 2 லட்சம். முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம். கொரோனா காலத்தின் இந்தக் கணக்கு வெளியானது 2025 மே மாதத்தில். 2020இல் பதிவான மரணங்களில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தவை 22.5 சதவீதம் மட்டுமே. காரணம் எழுதப்படாத மரணத்துக்கு நிவாரணம் இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை.

இறப்புக் காரணச் சான்றை மருத்துவமனைகள் உறவினருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற திருத்தம் வரவேற்கத்தக்கது. தனித்து வாழும் தாய், தத்தெடுத்த பெற்றோர் ஆகியோருக்கான ஏற்பாடுகளும் அவ்வாறே. ஓராண்டு கடந்த பதிவுக்கு நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை என்பதும் நிம்மதிதான். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் வருவாய் நிர்வாகத்தின் கைக்குப் போனதன் விளைவு மகாராஷ்டிரத்தில் தெரிந்தது. வங்கதேசத்தவர் என்ற கூச்சல் எழுந்ததும், 2025 ஜனவரியில் அங்குள்ள பாஜக கூட்டணி அரசு தாமதப் பதிவுச் சான்று வழங்குவதை நிறுத்தி வைத்தது.

கோரிக்கையும் கடமையும்

பிறப்பு, இறப்புத் தரவை மக்கள்தொகைப் பதிவேட்டோடு இணைக்கும் பிரிவு நீக்கப்பட வேண்டும். சான்றிதழ் இல்லை என்பதற்காகக் கல்வியோ, ரேஷனோ, வாக்குரிமையோ மறுக்கப்படக் கூடாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பதிவாகாத குழந்தைகளைத் தேடிச் சென்று பதிவு செய்யும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். அந்த வேலையை ஊதியமின்றி ஆஷா, அங்கன்வாடி ஊழியர் தலையில் கட்டக் கூடாது.

இக்கோரிக்கைகளை அரசு கேட்கும்வரை காத்திருக்க இயலாது. குடிசைப் பகுதிகளிலும் புலம்பெயர் தொழிலாளர் முகாம்களிலும் சான்றிதழ் இல்லாதோரைக் கண்டறிந்து, விண்ணப்பம் எழுதித் தந்து, மறுக்கப்பட்டால் சட்டம் தரும் 30 நாள் அவகாசத்துக்குள் மேல்முறையீடு செய்ய வைப்பது கட்சிக் கிளைகளின் உடனடிப் பணி. இணையத்தில் ஒரு மாதம் கருத்துக் கேட்டு முடித்துக்கொண்டவர்களுக்கு, மக்களின் உண்மையான கருத்து தெருவிலிருந்து போய்ச் சேரட்டும்.