டெய்லரக்காவும் டியோரும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆணி அப்படி. நடுவுல ஆறு வாரம் பாரீஸ்ல இருக்கிற கிளையண்ட் ஆபீசுக்கு அனுப்பி வெச்சாங்க. ஈஃபில் டவர் முன்னாடி கையை விரிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ எல்லாம் போட்டு உங்களைச் சித்திரவதை பண்ணப் போறதில்லை. (எடுத்தேன், அது வேற விஷயம்.) ஒரு சனிக்கிழமை போன இடத்தைப் பற்றி மட்டும் எழுதணும்னு தோணுது. அன்னிக்கு மனசுல மாட்டின முள்ளு இன்னும் வரலை.

இடம் டியோர் கேலரி. கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரி 12 அன்று தன் முதல் ஃபேஷன் ஷோவை நடத்தின அவென்யூ மாண்டெய்ன் 30-ம் நம்பர் கட்டிடத்தோடு ஒட்டின இடம். 2022 மார்ச்சில் திறந்தாங்க. டீம்ல ஒருத்தர், "நீ ஃபேஷனுக்கு எவ்வளவு தூரம்னு உன் சட்டையைப் பார்த்தாலே தெரியுது, இருந்தாலும் போய்ப் பாரு" என்று டிக்கெட் புக் பண்ணிக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

நான் போனதுக்கு உண்மையான காரணம் என் அம்மா. பாளையங்கோட்டையில் எங்க வீட்டு முன் அறைதான் அம்மாவோட தையல் கடை. ஒரு உஷா மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவரெல்லாம் ஆணியில தொங்குற அளவு ஜாக்கெட். நான் இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷ ஃபீஸில் பாதி அந்த மெஷின்ல இருந்து வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொக்கி தைக்கிறதும், எம்மிங் பண்றதும் என் வேலை. எங்க தெருவுக்கு நான்தான் காஜா பையன். "பாரீஸ்ல தையலுக்கு மியூசியம் இருக்காம்மா"ன்னு சொன்னதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "உள்பக்கம் காட்டுவாங்களால?"

உள்ளே போனதும் வளைஞ்சு வளைஞ்சு ஏறுற படிக்கட்டு. அதைச் சுற்றி உயரமான கண்ணாடி அலமாரி, அதுக்குள்ளே நிறம் நிறமா, வரிசை வரிசையா குட்டிக் குட்டி உடைகள், செருப்புகள், தொப்பிகள், பைகள். வெள்ளையில் ஆரம்பிச்சு ரோஸ், சிவப்பு, பச்சைன்னு நிறம் மாறிக்கிட்டே போகுது. எல்லாம் 3டி பிரிண்டரில் அச்சடிச்சது. 452 உடை, 1,422 மற்ற சாமான், மொத்தம் 1,874. பிரிண்டர்கள் ஓடின நேரம் 1,00,000 மணி. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க மக்களே, திரும்ப வருவேன்.

உண்மையைச் சொல்லிடறேன், அசந்துட்டேன். இடுப்பை இறுக்கிப் பாவாடையை மீட்டர் கணக்கில் விரிச்ச அந்த 1947 'நியூ லுக்', டியோர் உட்கார்ந்து வேலை பார்த்த அறை, கூரையிலிருந்து காகிதப் பூவாகத் தொங்கும் தோட்டம், வெளிச்சம் மாறி மாறி விழுகிற பெரிய ஹாலில் நடன உடைகள். யுத்தம் முடிஞ்சு இங்கிலாந்தில் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. அந்தக் காலத்துல இந்த மனுஷன் இவ்வளவு துணியை ஒரே பாவாடைக்குச் செலவழிச்சிருக்கார்! பணம் போட்டவர் மார்செல் பூசாக் என்கிற பருத்தி மில் முதலாளி என்று தெரிஞ்சதும் துணிக் கணக்கு எனக்குப் புரிஞ்சு போச்சு :) டியோர் 1957-ல் 52 வயசிலேயே போயிட்டார். பத்து வருஷ வேலை, எழுபது வருஷத்துக்கு மேலாகப் பேர்.

ஒரு அறை முழுக்க வெள்ளை உடைகள். பட்டுத் துணியில் கத்தரி வைக்கிறதுக்கு முன்னால் காடாத் துணியில் தைச்சுப் பார்க்கிற மாதிரிகள். எங்க வீட்டிலும் இது உண்டு, கல்யாணப் பட்டு ஜாக்கெட் என்றால் அம்மா முதல்ல பழைய வேட்டித் துணியில ஒண்ணு வெட்டிப் பார்ப்பாங்க. அங்கேயே மேசை போட்டு ஒரு அம்மா உட்கார்ந்து கையால் தைச்சுக்கிட்டிருந்தாங்க. ஐம்பது வயசு இருக்கலாம். கழுத்தில் இஞ்ச் டேப், மணிக்கட்டில் ஊசி குத்துற குட்டி மெத்தை. உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏல, மேல மேல காட்டாத. திருப்பச் சொல்லுல."

எனக்குத் தெரிஞ்ச ஃப்ரெஞ்சு 'போன்ஷூர்', 'மெர்சி' ரெண்டுதான். கையைக் காட்டித் திருப்புங்கள் என்று சைகை செய்தேன். அவங்க சிரிச்சுக்கிட்டே துணியைத் திருப்பிக் காட்டினாங்க. அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "முன்னாடி எது பின்னாடி எதுன்னு தெரியல பாத்தியா. பெரிய கைல அது" என்றாங்க. அதோட, "அவ பேரு என்னன்னு கேளு."

நான் கேட்கலை. பின்னாடி கூட்டம் நெருக்குது, நகரச் சொல்றாங்க, நகர்ந்துட்டேன். இதுதான் அந்த முள்ளு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு உடைக்குக் கீழேயும் இருந்த அட்டையைப் படிக்க ஆரம்பிச்சேன். வடிவமைத்தவர் பெயர் இருக்கு. வருஷம் இருக்கு. ஒன்றிரண்டு அட்டைகளில் எம்ப்ராய்டரி பண்ணின நிறுவனத்தின் பெயர் இருக்கு. தைச்ச கை யாருடையதுன்னு நான் பார்த்த ஒண்ணுலயும் இல்லை. ஃப்ரெஞ்சில் இந்தத் தையல்காரர்களுக்கு ஒரு பெயர் உண்டாம், 'சின்னக் கைகள்' என்று அர்த்தம். கேட்க எவ்வளவு அழகா இருக்கு. ஆனா கைக்குத்தான் பேர் வெச்சிருக்காங்க, கையை வெச்சிருக்கிற ஆளுக்கு இல்லை. பிரிண்டர் ஓடின ஒரு லட்சம் மணி நேரத்துக்குக் கணக்கு இருக்குங்க. ஒரு மனுஷிக்கு ஒரு வரி இல்லை.

இதைச் சொன்னா, "அது மியூசியம் இல்லப்பா, விளம்பரம். பக்கத்துக் கதவைத் திறந்தா கடை. விளம்பரத்துல போய் நியாயம் தேடுறியே" என்றார் டிக்கெட் வாங்கிக் கொடுத்த அதே நண்பர். நான் ஒத்துக்கறேன், விளம்பரம்தான். காசு கொடுத்து விளம்பரம் பார்த்ததில் எனக்கு வெட்கம் இல்லை, சினிமா டிரெய்லரைத் தேடிப் போய்ப் பார்க்கிற ஊர்க்காரன் நான். ஆனா அந்த விளம்பரம் எதை விக்குது? பைக்கு இவ்வளவு விலை ஏன்னா கைவேலை, கைவேலை, கைவேலைன்னுதானே ஒவ்வொரு அறையும் சொல்லுது! கையைக் காட்டி விலை சொல்றவங்க, அது யார் கைன்னும் சொல்லணும் இல்லையா?

அந்தக் கைகளில் நம்ம கைகளும் உண்டு. மும்பையில் இருக்கும் சாணக்யா என்ற எம்ப்ராய்டரி நிறுவனம் டியோருக்குப் பல வருஷமாக வேலை செய்யுது. 2023 மார்ச் 30 அன்று கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி டியோர் ஷோ நடத்தினப்போ, வளைவுல தொங்கின பிரமாண்டமான தோரணம் அவங்க கைவேலை. அதை டியோர் மறைக்கலை, வெளிப்படையாவே சொல்லிப் பாராட்டினாங்க. அதை நான் மனசாரப் பாராட்டறேன். அப்போ, சொல்ல முடியும்னு ஆகுது இல்லையா? ஒரு நாள் விழாவுல சொன்னதைக் கேலரியில் ஆள் பேரோட ஏன் சொல்லக் கூடாது?

இன்னொரு பக்கமும் இருக்கு. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், டியோருக்குப் பை தயாரிக்கும் இத்தாலியத் துணை நிறுவனம் ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையில் கொண்டு வந்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் ஆட்கள் நடத்தப்பட்ட விதம்தான் பிரச்சினை. அரசுத் தரப்பு கொடுத்த கணக்கில், தோல் முதலான சாமான் விலை சேர்க்காமல் ஒரு பையைச் சேர்த்துத் தைச்சுக் கொடுக்க 53 யூரோ. கடையில் அதன் விலை 2,600 யூரோ. அந்தப் பட்டறைகளோடு இனி வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிச்சு, 2025 பிப்ரவரியில் மேற்பார்வையும் நீங்கிச்சு. சரி. ஆனா அட்டையில் பேர் எழுதணும்கிற கட்டாயம் இருந்தா, யார் எங்கே உட்கார்ந்து தைக்கிறாங்கன்னு கம்பெனிக்கே முதல்ல தெரிஞ்சாகணும். பேர் போடுறது மரியாதை மட்டும் இல்லைங்க, ஒரு வகையில் கணக்கும்தான்.

"இருநூறு பேர் பேரை ஒரு சின்ன அட்டையில் எப்படிப் போடறது"ன்னு கேட்பீங்க. நம்ம தமிழ்ப் படத்தில் லைட்மேனுக்கும் சாப்பாடு போட்டவருக்கும் பேர் ஓடுது. நாங்க பொட்டி தட்டுற இடத்திலேயே, எந்த வரியை எவன் எழுதினான்னு பத்து வருஷம் கழிச்சும் சிஸ்டம் சொல்லும். (அது பாராட்ட இல்லை, பக் வந்தா திட்ட. இருந்தாலும் பேர் இருக்கு!) அந்தப் படிக்கட்டு அலமாரியை நிறுத்தத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு வேலையா?

ஆனா ஊரைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. எங்க ஊர்ல அம்மா தைச்ச ஜாக்கெட் போட்டுக்கிட்டு எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கு. இருபத்தஞ்சு வருஷமா எல்லாருக்கும் அவங்க 'டெய்லரக்கா'. அம்மா பேரு சண்முகத்தாய்னு தெரு முனைக்கடை அண்ணாச்சிக்கே ரேஷன் கார்டு பார்த்தப்போதான் தெரியும். நான் ஸ்கூலில் அப்பா தொழிலுக்கு நேரே 'கம்பெனி வேலை'ன்னு எழுதிட்டு, அம்மா தொழிலுக்கு நேரே 'இல்லை'ன்னு எழுதினவன். மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே உட்கார்ந்து எழுதினேன்.

அப்படிப்பட்டவன் பாரீஸ்ல போய் அட்டையில் பேர் தேடறேன். ஒரு பேரைக் கேட்கச் சொன்னாங்க, அதையும் கேட்கலை.

ஊருக்கு வந்ததும் அம்மா முதல்ல கேட்டது, "அந்தப் பொம்பளை பேரு என்னல?" தெரியலைம்மான்னேன். "சரி விடு"ன்னுட்டு மெஷினை மிதிக்க ஆரம்பிச்சாங்க. போன வாரம் அம்மா தைக்கிற ஜாக்கெட்டில் கழுத்துக்கு உள்பக்கம் வைக்கிறதுக்கு, 'சண்முகத்தாய், பாளையங்கோட்டை'ன்னு இருநூறு லேபிள் நெய்து வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குல வெட்டிச் செலவு"ன்னு ஒரு பாட்டு விழுந்தது. நேத்து போன்ல கேட்டா, முப்பது தீர்ந்து போச்சாம்.

டிஸ்கி: உங்க வீட்டு டெய்லர் பேரு என்ன? உடனே ஞாபகம் வந்தவங்க பின்னூட்டத்துல எழுதுங்க. வராதவங்க, அடுத்த தடவை ஜாக்கெட் வாங்கப் போறப்போ கேட்டுட்டு வந்து எழுதுங்க.