ஆசிரியர் நாற்காலிக்கு இனச்சுழற்சி உண்டா?

ஓர் ஆய்விதழுக்குப் புதிய ஆசிரியர் பொறுப்பேற்றால் நமக்கு வருவது ஒரு வாழ்த்துச் செய்தி மட்டும்தான். அந்தப் பதவிக்கு விளம்பரம் எங்கே வந்தது, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. அரசுக் கல்லூரியின் உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்கு இனச்சுழற்சி எண்ணைத் துருவித் துருவிப் பார்க்கிறோம். அந்த உதவிப் பேராசிரியரின் தகுதியையே தீர்மானிக்கிற நாற்காலியைக் கண்டுகொள்வதில்லை.

எக்கனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லியை எடுத்துக்கொள்வோம். 1949இல் சச்சின் சவுத்ரி 'எக்கனாமிக் வீக்லி' என்று தொடங்கியது. 1966இல் இன்றைய பெயர் வந்தது. கிருஷ்ணராஜ் மட்டும் 1969 முதல் 2004 வரை ஆசிரியர். பிறகு ராம்மனோகர் ரெட்டி. அடுத்து வந்த பரஞ்சோய் குஹா தாகுர்தா, அதானி குழுமம் பற்றிய கட்டுரையை நீக்கச் சொன்ன அறக்கட்டளையோடு முரண்பட்டு 2017 ஜூலையில் விலகினார். அறிஞர்கள் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். எழுத வேண்டியதுதான், கருத்துரிமை நம் பிரச்சினையும்தான். ஆனால் அதுவரை அந்த நாற்காலியில் ஒரு தலித்கூட உட்கார்ந்ததில்லை என்பதற்காக இவர்கள் கூட்டுக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. 2018 ஜனவரியில் கோபால் குரு பொறுப்பேற்றார். 69 ஆண்டுகள். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமான எண். இங்கே அது சதவீதம், அங்கே காத்திருப்பு.

இதே கோபால் குரு 2002இல் இதே இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு பேசும் வேலை மேலே இருப்பவர்களுக்கும், தரவு அள்ளும் வேலை கீழே இருப்பவர்களுக்கும் என்று பிரிந்து கிடக்கிறது என்பது அதன் சாரம். ஏதோ தில்லிக் கதை என்று நினைக்காதீர்கள். சிதம்பரத்தில் கிள்ளைக்குப் பேருந்து ஏறிப் பாருங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றித்தான் எத்தனை ஆய்வுகள்! சேற்றில் இறங்கி இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளருக்குத் தெரியும், எந்த வாய்க்காலில் என்ன கிடக்கிறதென்று. அவரோடு இறங்கி மாதிரி எடுப்பவர் காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ புவனகிரியிலிருந்தோ வந்த முதல் தலைமுறை மாணவர். கட்டுரை அச்சாகும்போது இருளர் வெறும் 'தகவலாளி'. மாணவர் பெயர் நடுவில் எங்கோ.

"பெயரை மறைத்துத்தானே மதிப்பிடுகிறார்கள், அதில் சாதி எங்கே வந்தது?" என்று ஒரு தோழர் கேட்டார். மறைப்பது மதிப்பீட்டாளருக்கு, அதுவும் எல்லா இதழிலும் இல்லை. ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பி அனுப்புவது அவர். யாருக்கு அனுப்பலாம் என்று பொறுக்குவது அவர். இரண்டு மதிப்பீட்டாளர்கள் முரண்பட்டால் தீர்ப்புச் சொல்வதும் அவர். தில்லைக்குள் நுழைய நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது, புராணம் அதைத் தூய்மை என்றது. இன்றைய தீக்குப் பெயர் 'தரம்'.

ஒருவர் வந்துவிட்டதால் கணக்குத் தீர்ந்ததா? ஆசிரியரை நியமிப்பது அறக்கட்டளைதான். கோபால் குருவுக்குப் பிறகும் ஆசிரியர் மாறியாயிற்று, நியமிக்கும் முறை மாறவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். யாரும் நாற்காலி போட்டுக் கொடுக்கவில்லை. அந்த வழி நமக்கு இன்றும் திறந்தே இருக்கிறது. அதற்காக நம் வரிப்பணம் போகும் இடத்தைக் கேட்காமல் விட முடியாது. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஆய்விதழ்களுக்காக ஒன்றிய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. கிள்ளை இருளர் சோப்பு வாங்கும்போது கட்டும் வரியும் அதில் இருக்கிறது. ஆசிரியர் பதவிக்கு விளம்பரம், காலவரையறை, ஆசிரியர் குழுவின் சமூகப் பின்னணி பற்றிய வெளிப்படையான பட்டியல்: இவை மூன்றும் பெரிய கோரிக்கைகளா?

கடலூர் மாவட்டத் தோழர்கள் பக்கத்திலேயே தொடங்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகம் என்னென்ன இதழ்களை நடத்துகிறது, ஆசிரியர் குழுவை யார், எந்த விதிப்படி நியமிக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.